கப்பலில் ஆலைப் புகை

சாலிஹ் வெள்ளைப் பெயின்ட் வாளியைத் திறக்கும் சத்தம் கேட்டு, ஸகியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஹோல் சுவரில் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பாய்மரம், நடுவில் ஒரு புகைபோக்கி. பாயைக் கைவிட மனமில்லாமலும் நீராவியை முழுக்க நம்பத் துணிவில்லாமலும் ஆட்கள் கட்டிய காலத்துக் கப்பல்.

சாலிஹ் ஓட்டமாவடியிலிருந்து இந்தக் காத்தான்குடி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த வருடம் அதைக் கீறினார். வீடு ஸகியாவின் சீதனம். கட்டிலும் அலுமாரியும் அவளுடைய உம்மா வாங்கிப் போட்டவை. அவருக்கென்று வாய்த்தது அந்தச் சுவர் ஒன்றுதான். கலண்டர் படத்தைப் பார்த்துத்தான் கீறினார். படத்தின் மேல்மூலை கிழிந்துபோயிருந்ததால், புகைக்கு மட்டும் தன் ஊர் அரிசி ஆலையை நினைத்துக்கொண்டார். பாய்கள் முன்பக்கம் புடைத்து நிற்க, புகை பின்பக்கம் சாய்ந்து போனது.

"ஒரு கப்பலுக்கு ரெண்டு காத்தா?" என்று ஸகியா அன்றே கேட்டாள். வீட்டுக்கு ஆர் வந்தாலும் அவர்களுக்கு முன்னால் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி வீடு மகள் இர்ஷானாவுக்கு. வெள்ளிக்கிழமை நிக்காஹ். பிறகு இவர்கள் இருவரும் பின்வளவு அறைக்கு மாறவேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றது மகளில்லை, சாலிஹேதான். ஸகியாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஆரும் கேக்காத வேலய ஏன் செய்றீங்க?"

"வாற மருமகனுக்கும் ஒரு சுவர் வேணும்தானே, புள்ள. அஸாம் பாவம். கட்டிலும் நம்மட, கூரையும் நம்மட."

"அவருக்குப் படம் கீற வருமா?"

"எனக்கு மட்டும் வந்திச்சா?"

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி குசினிக் கதவு நிலையிலேயே நின்றாள். ரோலர் கீழிருந்து மேலே ஏறியது. முதலில் கடல் போனது, பிறகு கப்பலின் வயிறு, பிறகு பாய் ஒவ்வொன்றாக. அவர் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினாள். வேலைக்காரனின் கவனம்தான் இருந்தது. புகைபோக்கியும் மறைந்து, அவர் எக்கி நின்றபோது, வந்து கையைப் பிடித்தாள்.

"அத உடுங்க."

"கப்பலே போயிட்டு. புகைய வெச்சி என்ன செய்ய?"

"வீட்டுக்கு ஆரும் வந்தா, மறுகா நான் என்னத்தச் சொல்லி ஒங்கள ஏசுற?"

சாலிஹ் ரோலரை வாளியில் சாய்த்து வைத்தார். ஈரம் காயாத வெள்ளைச் சுவரின் உச்சியில், கீழே ஒன்றுமேயில்லாமல், ஆலைப் புகை ஊர் வாவிப் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.