பூஜ்ஜியம் காட்டிய வீடு

அணு உலை உருகிக் காலியான நாமிகுரா என்ற கடலோர ஊரில் கதிர்வீச்சு துளியும் இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனாலேயே அதில் குடியிருக்க அரசு அனுமதி கொடுக்கவில்லை.

விதி எழுதியவர்கள் மேல் தப்பில்லை. கல்லில் கொஞ்சம் உண்டு, கடல் காற்றில் கொஞ்சம் உண்டு, மனுஷ எலும்பிலும் கொஞ்சம் உண்டு. ஆகவே கதிர்வீச்சை அளக்கும் கருவி பூஜ்ஜியம் காட்டினால் கருவி பழுது என்று பொருள். பழுதான கருவியை நம்பி எந்த வீட்டையும் திறந்துவிட முடியாது. உலையில் வேலை செய்த கொன்னோ சதாவோவின் வீட்டு வாசல்வரை பொரியும் கடலை மாதிரி படபடத்துக்கொண்டு வரும் கருவி, படி தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். வேறு கருவி கொண்டுவந்தார்கள். தலைநகரத்திலிருந்து புதுக் கருவி வரவழைத்தார்கள். அதுவும் வாயை மூடிக்கொண்டது.

இதற்குக் காரணம் சதாவோவின் மனைவி இகுயோ என்பதில் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் இல்லை. அணு உலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டி, பெயரைச் சொல்லி, சரி என்று உரக்கக் கூவ வேண்டும். விரல் போகிற இடத்துக்குக் கண் போகும், கண் போகிற இடத்துக்கு மனசு போகும் என்பது கணக்கு. சதாவோ வீட்டிலும் அப்படியே கூவிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் இகுயோ அதைக் கேலி செய்தாள். பிறகு அவளுக்கே தொற்றிக்கொண்டது. தினமும் காலையில் அடுப்பு, சரி, குழாய், சரி, ஜன்னல், சரி என்று வீடு முழுக்க நடப்பாள். கடைசியாக, வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டும் புருஷனை நோக்கி விரலை நீட்டி, "சதாவோ, சரி" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் வேலைக்குக் கிளம்புவார்.

கடல் ஏறி வந்து உலை உருகிய மறுநாள் காலை, ஊரைக் காலி செய்ய பஸ் வந்தது. எல்லாரும் ஏறியாயிற்று. இகுயோ மட்டும் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக விரல் நீட்டிக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பை, விளக்குமாறு, முன்னோர் படம், அப்போதுதான் வடித்த சோறு என்று எதையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக் கணவாய் மீனவர் ஷிகா பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, உங்க வீடு எங்கயும் ஓடிப்போகாது. ஓடுறது நாமதான், வந்து ஏறுங்க" என்றார். அவள் வாசலுக்கு வந்து வீட்டைப் பார்த்து முழுக் கையையும் நீட்டி, "வீடு, சரி" என்று சொல்லிவிட்டு ஏறினாள். சதாவோ அப்போது வீட்டில் இல்லை. உலையில், இருட்டில், வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு விசாரணை நடந்தது. மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்க வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர் அறையின் இரும்புக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அதைச் சரிபார்த்தவர் சதாவோ. அவர் ஒளிக்கவில்லை. அன்றைக்கும் விரல் நீண்டது, வாய் சரி என்று கூவியது, கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றார். முப்பது வருடம் ஒரே கதவுக்கு விரல் நீட்டினால் விரலும் வாயும் மனுஷனைக் கேட்காமல் போய்விட்டு வந்துவிடும். கதவு மூடியிருந்தாலும் அலை அதைவிட உயரம், ஆகையால் கதவு காரணமல்ல என்று விசாரணைக் குழு எழுதியது. சதாவோ வேலையை விட்டார்.

தகரத்தால் கட்டிய தற்காலிகக் குடியிருப்பில் அவர் அதை மனைவியிடமும் சொன்னார். அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கை நீட்டினா கண்ணும் கூடப் போகும்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க" என்றாள். "நான் நம்பினேன்."

அதோடு சரி. சண்டை இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எதை நோக்கியும் விரல் நீட்டவில்லை. சதாவோவுக்குப் போக வேலை கிடையாது. ஆனாலும் காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு கதவருகே கொஞ்சம் நிற்பார். அவள் கை ஏப்ரனுக்குள்ளேயே இருக்கும். நான்காவது குளிர்காலத்தில் இகுயோ நிமோனியாவில் இறந்தாள்.

அவள் போன பிறகுதான் நாமிகுராவை அளக்கத் தொடங்கினார்கள். அந்தப் பகுதிக்கு வந்த ஆய்வாளர் நகாசே, முப்பது வயதுப் பெண், சிரிக்காதவர். வீட்டில் பூஜ்ஜியம் என்று எழுதினார். சட்டியிலிருந்த சோறு ஊசவில்லை, ஆறியிருந்தது என்றும் எழுதினார். அலுவலகம் இரண்டையும் திருப்பி அனுப்பியது. சுற்றியிருந்த வீடுகளைக் கழுவி, மண்ணைச் சுரண்டி, எண் இறங்க இறங்கத் திறந்துவிட்டார்கள். திறந்த வீடுகளுக்கு யாரும் திரும்பவில்லை. திரும்பத் துடித்தவர் சதாவோ ஒருவர்தான். ஷிகா தொலைபேசியில், "அண்ணே, தோட்டத்து மண்ணு ஒரு பிடி அள்ளி உள்ள போடுங்க, எண் தானா வந்துடும்" என்று யோசனை சொன்னார். அந்த மண்ணைத் தொடுவதே சட்டப்படி குற்றம். குற்றம் இல்லை என்றாலும் இகுயோ துடைத்த தரையில் அவர் போட்டிருக்க மாட்டார்.

ஆண்டுக்கு ஒருமுறை, தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பில், நகாசேயோடு வீட்டைப் பார்க்க அவரை விட்டார்கள். ஒரு வருடம் அப்படி வந்தபோது, சமையலறையில் நின்றிருந்தவர் திடீரென்று கையுறையைக் கழற்றினார். முகமூடியையும் கழற்றிவிட்டு, சோற்றில் ஒரு வாய் அள்ளித் தின்றார்.

"ஐயா, என்ன பண்றீங்க" என்று நகாசே அவரருகே ஓடினார். அப்போது நகாசேயின் கையிலிருந்த கருவி அந்த வீட்டில் முதன்முதலாக டிக் என்றது. சட்டியில் காட்டினார், ஊமை. சுவரில் காட்டினார், ஊமை. சதாவோவின் திறந்த முகத்துக்கு நேரே காட்டினார், டிக். எல்லா மனுஷர்களிடமும் இருக்கிற அளவுதான்; உள்ளே வந்தவர்கள் எல்லாரும் உடுப்புக்குள் மூடியே இருந்ததால் அதுவரை கேட்கவில்லை.

சதாவோவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அன்னிக்கு நான் வீட்ல இல்லம்மா. என்னை மட்டும் அவ விரல் நீட்டிச் சொல்லல" என்றார்.

அனுமதி அந்த மாதமே வந்தது. கொன்னோ சதாவோ உள்ளே இருக்கும்வரை இந்த வீடு குடியிருக்கத் தகுந்தது என்று முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அவர் வெளியே போனால் வீடு பூஜ்ஜியம் ஆகிவிடும் என்பதால் அரிசியும் மீனும் வண்டியில் வருகின்றன. "என்ன அண்ணே, அந்த வீட்டுக்கே நீங்கதான் கதிர்வீச்சாமே" என்று ஷிகா கேட்டபோது சதாவோ சிரித்தார். ஷிகாவும் இப்போது அதிகம் கூப்பிடுவதில்லை.

மறு வருடம் நகாசே அளந்து முடித்துக் கிளம்பும்போது, சதாவோ வாசலில் முதுகை நிமிர்த்தி நின்றார்.

"ஒரே ஒரு தடவை விரலை நீட்டி என் பேரைச் சொல்லிடுங்கம்மா."

"சொன்னா நீங்களும் பூஜ்ஜியம் ஆயிட்டா, நாளைக்கே வீட்டைப் பூட்டணும் ஐயா."

"ஆகும்னு தெரியுமா?"

"ஆகாதுன்னு தெரியல. தெரியாததைச் செய்யக் கூடாதுன்னு எங்களுக்கு விதி."

"ஆமா" என்றார் சதாவோ. "எங்களுக்கும் அந்த விதி இருந்துச்சு."

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது ஓர் உத்தரவு இருக்கிறது. தபால்காரர்கூட மதிக்கிறார். காலையில், காட்டுப்பன்றிகள் மட்டும் நடமாடும் அந்தத் தெருவில், ஒரு குரல் கேட்கும். அடுப்பு, சரி. குழாய், சரி. ஜன்னல், சரி. ஒவ்வொன்றின் முன்னும் கண் போய்ச் சேரும்வரை காத்திருந்துதான் கூவுவார். கடைசியில் வாசலில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டிக்கொள்வார். எழுந்து, உள்பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி ஒழுங்காக வைத்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போவார்.