மூன்றாம் தொட்டி

கழிவுநீர் நிலையத்தில் அவளை எல்லோரும் 'லேப்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் மூன்றாம் தொட்டியில், காற்றை ஊதி வளர்க்கும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். அவற்றை நுண்ணோக்கியில் பார்ப்பது அவள் வேலை. "பிள்ளைங்க நல்லா சாப்பிடுதா?" என்று பம்ப் ஆபரேட்டர் கிண்டலடிப்பார். "உங்களைவிட நல்லாவே" என்பாள்.

அன்று காலை கண்ணாடித் துண்டில் ஒன்றுகூட அசையவில்லை. தொட்டி கருத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஆறு மாதத்தில் மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து லாரியில் உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து, நாற்பது நாள் கண்ணும் கருத்துமாகக் கவனித்துத்தான் தொட்டியை மீட்டிருந்தாள். யாரோ ஆசிட்டைக் கொட்டுகிறார்கள்.

இந்தத் தடவை அவள் லிட்மஸ் தாளோடு கிளம்பினாள். ஆபரேட்டர் ஒவ்வொரு சாக்கடை மூடியாகத் தூக்க, அவள் குனிந்து நனைத்துப் பார்த்தாள். முலாம் பட்டறைக்குப் பின்சந்தில் தாள் சிவந்தது. பத்தடி தள்ளி ஒரு டேங்கர் லாரி. அதன் குழாயைச் சாக்கடைக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் அண்ணன்.

அப்பா போன பிறகு லாரி ஓட்டியே அவளை வேதியியல் படிக்கவைத்த அண்ணன்.

"என்னண்ணா ஊத்தறே?"

"பட்டறைத் தண்ணி. சுத்தம் பண்ற மெஷின் ரிப்பேராம். எங்கயாவது கொட்டிட்டு வான்னாங்க."

"அது நேரா என் தொட்டிக்குத்தான் வருது."

அவன் முகம் வெளிறியது. விரல்களில் தோல் உரிந்திருந்தது. "சத்தியமா தெரியாதும்மா. ஆனா நான் கொட்டலைன்னா இன்னொருத்தன் கொட்டுவான்."

அவள் புகார் எழுதினாள். பட்டறை பெயர், வண்டி எண், ஓட்டுநர் பெயர், எதையும் மறைக்கவில்லை. நிலையத்து இன்ஜினியர் படித்துவிட்டு, "பட்டறையை விட்டுடுவோம். வண்டி நம்பர் போதும்" என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அண்ணனின் லைசென்ஸ் போனது. பட்டறைக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை.

மறு ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைப் பாதி திறந்து, "தூங்குறார்" என்றாள். உள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு அவனே வந்தான்.

"நீ செஞ்சது சரிதான்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுபடியும் சேறு வந்தது. மறுபடியும் மணிக்கொரு தரம் காற்றின் அளவு பார்த்தாள். முப்பத்துநாலாம் நாள் கண்ணாடியில் ஒன்று நெளிந்தது, பிறகு இன்னொன்று. அவள் தன்னை மறந்து சிரித்தாள்.

முப்பத்தாறாம் நாள் எல்லாம் செத்திருந்தது. ஓடிப்போய்ப் பின்சந்தைப் பார்த்தாள். வேறு டேங்கர், வேறு ஓட்டுநர். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"ரீடிங் நார்மல்னு எழுதிடுங்க, மேலிடத்துக்கு இன்னிக்கே போகணும்" என்றார் இன்ஜினியர்.

வெளியே கறுப்புத் தண்ணீர் அப்படியே ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் ஜன்னலை மூடினாள். பிறகு உட்கார்ந்து, 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.