பதினோரு நாள் பத்தியம்

கொளஞ்சி செவுள்ல விட்ட அறையில டாக்டரோட கண்ணாடி தெறிச்சுக் கட்டிலுக்கடியில போய் விழுந்துச்சு. கட்டில் மேல அவன் பொண்டாட்டி சரஸ்வதி ஏழு மாச வயித்தோட செத்துக் கெடந்தா. உசுரு போயி அரைமணி நேரம்கூட ஆவல.

“நடந்து வந்தவளப் பொணமாக்கிட்டீங்களேடா பாவிங்களா!”

எங்க நடந்து வந்தா? நேத்து மரக்காணத்துலேர்ந்து வேன்ல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தான். ஆத்திரத்துல மனுசன் எதத்தான் பேசமாட்டான்! உப்பளத்துல உப்பு வாரிக் காச்சுப்போன கை. ரெண்டு ஆளு புடிச்சும் அடங்கல. குளுக்கோஸ் மாட்டுற கம்பியப் புடுங்கி ஓங்கினான். குறுக்க வந்த நர்சம்மா தோள்ல ஒண்ணு விழுந்துச்சு.

டாக்டர் உதட்டு ரத்தத்தத் தொடச்சாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவல, அவரு திட்டல.

“வயித்துப்புள்ளக்காரிக்கு மஞ்சக்காமாலை வந்தாலே ஆபத்துப்பா. மாசம் ஏற ஏற இன்னும் ஆபத்து. நாள் கடத்திக் கொண்டாந்து, நெனவும் தப்பிட்டா பொழைக்க வெக்கிறது கஷ்டம். ஆனா மூணே நாள்னு நீதான சொன்ன? மூணு நாள்ல இவ்ளோ முத்திடுச்சேன்னு எனக்கே புரியல.”

ஓங்கின கம்பிய எறக்கினான் கொளஞ்சி. மூணா? பன்னெண்டு நாளுடா பாவி!

காமாலைன்னா மணிக்கட்டுல சூடு போடுற வைத்தியருகிட்டதான் முதல்ல இட்டுக்கினு போனான். பதினோரு நாளு உப்பில்லாக் கஞ்சி. அதுவரைக்கும் ஒடம்புல ஊசி படக்கூடாது, பட்டா காமாலை உள்ள எறங்கிடும்னாரு அந்த மனுசன். நாலாம் நாளே அவ, “ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்யா”ன்னு அழுதா. “பத்தியத்தக் கெடுக்கப் பாக்குறியாடி?”ன்னு செவுள்ல ஒண்ணு விட்டான். பன்னெண்டாம் நாளு பேச்சு கொழறவும்தான் வேன் புடிச்சான். நெசத்தச் சொன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு பயந்து, சூட்டுக் காயத்த அடுப்புல சுட்டுக்கினதுன்னு சாதிச்சுட்டான்.

அந்த நேரம் பாத்து வார்டுக்குள்ள வந்தான் மண்ணாங்கட்டி. கொளஞ்சியோட ஒண்ணா உப்பு வார்றவன். அவன் தோள்ல சாஞ்சிக்கினு பொண்டாட்டி சின்னப்பாப்பா. ஆறு மாச வயிறு, கண்ணு ரெண்டும் மஞ்சளு.

“காமாலை கண்டு எத்தினி நாளாச்சு?”ன்னு நர்சம்மா கேட்டுச்சு.

மண்ணாங்கட்டி, பொண்டாட்டி முந்தானைய இழுத்து அவ மணிக்கட்டுல இருந்த சூட்டுக் காயத்த மூடினான். “ரெண்டு நாளுங்க.”

கொளஞ்சி கம்பியத் தூக்கிக் கடாசிட்டுப் பாஞ்சான். மண்ணாங்கட்டி கழுத்தப் புடிச்சு செவுத்துல மோதினான்.

“டேய்! எத்தினி நாளுடா?”

“ரெண்டுதான்... உடுப்பா...”

திரும்ப மோதினான். மூக்கு ஒடஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். “சொல்லுடா! உன் பொண்டாட்டி உசுரோட வோணுமா வாணாமா?”

“ஆறு! ஆறு நாளு!”

கொளஞ்சி கைய எடுத்தான். சரஸ்வதி செவுள்ல அறைஞ்சதும் அதே கைதான்.

“ஆறுன்னு எழுதிக்கோம்மா”ன்னான். அப்புறம் தன் பொண்டாட்டி கட்டிலப் பாத்துட்டு, தரையில குந்திக்கினான்.

“அவுளுக்கும் மாத்தி எழுதிடும்மா. பன்னெண்டு.”