பொம்மைக்குப் பிடித்த பேய்

என் அக்காவின் கண்ணெதிரில் எதுவும் தொங்கக் கூடாது. தையல்காரி அல்லவா, பிசிறைக் கண்டால் கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போகும். என் பையின் வார், நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோதே இயர்போன் வயர், எல்லாம் அப்படிப் போனவைதான்.

அவள் கடையின் பின்மூலையில் என் ரிப்பேர் மேஜை. இடம் கொடுத்ததற்குக் கைம்மாறாக, கண்ணாடி ஜன்னலில் உடை மாட்டி நிற்கும் பொம்மையை மெதுவாகச் சுற்ற வைத்திருந்தேன். காலடியில் ஒரு டிசி மோட்டார். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் என் மேஜையில் ஒரு குமிழ்.

இன்று காலை கடையைத் திறந்ததும் பொம்மைக்குப் பேய் பிடித்துவிட்டது. குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் கிறுகிறுவென்று சுற்றியது. விக் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் பறந்தன.

அக்கா கத்தினாள். "டேய், நடனக் குழு நடத்துற அம்மா மத்தியானம் வர்றாங்க. குழுவுக்கே உடுப்பு தைக்கிற வேலை. அதுக்குள்ள இது ஒழுங்கா சுத்தலன்னா, உன் மேஜையத் தூக்கி வெளிய போட்டுட்டு அங்க டிரையல் ரூம் கட்டிடுவேன்!"

அந்த மூலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் செத்திருந்தது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவு அதுதான். கதவு திறந்தபடியே இறுகிவிட்டது. புதியது போட்டேன். பொம்மை சாதுவாகச் சுற்றியது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் பேய். இன்னொன்று போட்டேன். நிறுத்தியதும் அதுவும் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மோட்டாரை நிறுத்தும்போது அது மின்சாரத்தால் டிரான்சிஸ்டரை ஓர் உதை விடும். அந்த உதையை வாங்கிக்கொள்ள மோட்டாரின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு டயோடு வைத்திருந்தேன். இவ்வளவு நேரமும் மேஜையைத்தான் துருவிக்கொண்டிருந்தேன், மோட்டாரைப் பார்க்கவே இல்லை. பொம்மையின் பாவாடையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன்.

"மானத்த வாங்காத! வெளிய வாடா!"

டயோடைக் காணோம். இரண்டு குட்டிக் கம்பி முனைகள் மட்டும், நறுக்கென்று வெட்டுப்பட்டு நின்றன.

"அக்கா, இங்க குட்டியா ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா? நேத்து ஏதோ பிசிறு நீட்டிட்டு இருந்துச்சு. வெட்டி விட்டேன். உனக்கெல்லாம் நன்றியே கிடையாதுடா."

வந்த கோபத்தில் அவள் பின்னலையே வெட்டியிருப்பேன். அதுவும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "நீ அத வெட்டினதாலதான் பேயே பிடிச்சுது!" என்று மட்டும் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு டயோடையும் டிரான்சிஸ்டரையும் பற்றவைத்தேன். நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன். பேய் போயே போய்விட்டது.

நடனக் குழு அம்மா வந்தார். சாந்தமாகச் சுற்றும் பொம்மையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காலையில இந்தப் பக்கமா போனப்ப பம்பரமா சுத்துச்சே! பாவாடை குடையா விரிஞ்சுதே! அதப் பார்த்துதான் இங்கயே குடுக்கலாம்னு நெனச்சேன். இப்ப என்ன, தூங்குது?"

அக்கா என்னைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பொம்மையின் காலடியில் குனிந்தாள்.

"ஐயோ, வேணாம்! குமிழத் திருப்பினாலே போதும்!"

ஓடிப்போய் முழுக்கத் திருப்பினேன். பாவாடை விரிந்தது. விக் பறந்து போய் அந்த அம்மாவின் கையில் விழுந்தது. அதைப் பிடித்தபடியே "இதேதான்!" என்றார். வேலை கிடைத்தது. மேஜையும் தப்பியது.

மறுநாள் வந்து பார்த்தால், என் மேஜையில் தொங்கிய வயர்கள் அத்தனையும் சிவப்பு ரிப்பனால் பூப்போலக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றைக்கூட வெட்டவில்லை. என் அக்கா மன்னிப்புக் கேட்டால் இப்படித்தான் கேட்பாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எது எந்த வயர் என்றுதான் இன்னும் தெரியவில்லை.