நாளைக்கு வந்துடுவாரு

என் புருஷன் செல்லமுத்து செத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தேன். மலர்கொடிக்குக் கல்நெஞ்சு என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

அவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, வாலிகண்டபுரத்தில் எங்கள் வாசலில் அவர் பைக் வந்து நிற்கும். மகள் பூங்குழலிக்குப் பத்தொன்பது வயது, ஆட்டிசம். எது எப்போது நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அவளைப் போல் சமர்த்து கிடையாது. தெரியாவிட்டால் கையைக் கடித்துக்கொள்வாள்.

அவர் உடம்பு வீடு வந்து சேரும் முன்பே என் தம்பி மணிமாறன் அவளைப் பாடாலூருக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். "பொணத்தப் பாத்தா புள்ள தாங்காதுக்கா" என்றான். தாய்மாமன். அவளுக்குக் காது குத்தியது அவன் மடியில். வயதுக்கு வந்தபோது ஓலை கட்டியதும் அவன்தான். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு எதற்கும் தலையாட்டத்தான் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் திரும்பி வந்தாள். வந்ததும் என் கழுத்தைப் பார்த்தாள்.

"தாலி எங்க?"

"பாலீஷ் போடக் குடுத்துருக்கு" என்று தம்பி முந்திக்கொண்டான்.

"அப்பா எங்க?"

"தூரத்து லோடும்மா. நாளைக்கு வந்துடுவாரு."

மாலை போட்ட படத்தை பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். பாவம், செத்தும் அந்த மனுஷனுக்குச் சுவரில் ஓர் ஆணி கிடைக்கவில்லை.

அவள் காலண்டரில் மறுநாள் தாளில் '6.45 அப்பா' என்று எழுதினாள். மறுநாள் தம்பி போனில் இன்னொரு 'நாளைக்கு' சொன்னான். அடித்துவிட்டு அடுத்த தாளில் எழுதினாள். நான்கு நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து மணிக்கே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அசைக்க முடியவில்லை. மணிக்கட்டில் பல் பட்ட இடம் புண்ணாகியிருந்தது. மஞ்சள் வைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பெற்றவளுக்குத் தோன்ற வேண்டியது வேறு எதுவும் தோன்றவில்லை.

இன்று காலை பெரம்பலூரில் அவள் போகும் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போனேன். ஜோதி டீச்சர் அவள் கையைப் பார்த்தார்.

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்றதுதாங்க அவள இந்தப் பாடு படுத்துது. தெரிஞ்சத அப்படியே சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னே சொல்லுங்க. ஆனா அந்தத் தெரியாதது நடந்துட்டா, அவகூட யாரு இருப்பாங்க, என்ன செய்வாங்கன்னு அவளையே எழுதிக்க விடுங்க."

சாயங்காலம் தம்பி வந்திருந்தான். "வேணாங்க்கா, சொல்லாத" என்றான். நான் படத்தை எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தேன்.

"அப்பா செத்துட்டாரு. இனிமே வர மாட்டாரு."

"என்னைக்கு?"

"பன்னெண்டாந்தேதி, செவ்வாக்கெழம."

"எத்தினி மணிக்கு?"

"பகல் பதினொன்னே கால். அரியலூர்ல. நெஞ்சு வலின்னு லாரிய ஓரமா நிறுத்துனாராம்."

"இப்ப எங்க?"

"எரிச்சாச்சும்மா."

நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். கை வாய்க்குப் போகவில்லை. தம்பி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"நீ எப்பம்மா சாவ?"

"சீ, வாயக் கழுவு!" என்று தம்பி எழுந்தே விட்டான்.

"தெரியாது" என்றேன்.

அதையும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, 1 என்று எண் இட்டாள்.

"நீ செத்தா யாரு சோறு போடுவா? மாமாவா?"

"பாத்துக்கலாம்டா குட்டி" என்றான் தம்பி.

"ஆமாவா, இல்லையா?"

அவன் செல்போனை எடுத்தான், வைத்தான். அவளைப் பதினாறு நாள் வைத்துப் பார்த்த அலுப்பு அவன் முகத்தில் இருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னான். "இல்லம்மா. என்னால ஆவாது."

'மாமா இல்லை' என்று எழுதினாள். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நிஜம் அது.

2 என்று எண் போட்டாள். என்னைக் கேட்கவில்லை. 'அப்பா' என்று எழுதினாள். பேனாவைப் பிடித்தபடி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அவர் செத்துப்போனது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தினேன்.

பூங்குழலி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி மணி வரைக்கும் அழுவ?"

"ஏழரை" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.