நல்லதண்ணி

வீட்டுக்கு யார் வந்தாலும் ஃப்ளோரன்ஸ் முதலில் தண்ணீர்தான் கொடுப்பாள். ஃபிர்தௌஸுக்கும் பச்சைக் குடத்திலிருந்து மொண்டு டம்ளர் நிறையக் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"குடிம்மா. நல்லதண்ணிதான்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்துவிட்டது ஃப்ளோரன்ஸுக்கு உறைத்தது. மே மாதத்திலிருந்து அதைச் சொல்லாமல் எப்படியோ தப்பித்து வந்திருந்தாள். லாரித்தண்ணி என்பாள், கொடத்துத்தண்ணி என்பாள்.

ராயபுரத்தில் அவர்கள் தெருவுக்கு இரண்டு தண்ணீர். அடிபம்பில் வருவது உப்புத்தண்ணி. துணிக்கு, பாத்திரத்துக்கு, குளிக்க. லாரியில் வருவது நல்லதண்ணி. அதற்கு வரிசை உண்டு, சண்டை உண்டு, குடத்துக்கு நிறம் உண்டு. அந்த வீட்டில் நல்லதண்ணியை யாரும் கீழே ஊற்ற மாட்டார்கள். டம்ளரில் மிச்சம் இருந்தால் மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி வைப்பார்கள். அடுத்துத் தாகம் எடுப்பவர் அதைக் குடிப்பார். மகன் ஃப்ரெடியும் மகள் ஜூடியும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

ஃபிர்தௌஸ் ஆம்பூர்க்காரி. ஜெர்மனியில் ஃப்ரெடியோடு ஒரே வகுப்பு. மே மாதம் ஒரு சனிக்கிழமை, மலையடிவாரத்தில் இருக்கும் ஏரியைப் பார்க்கப் போன நாலு பேரில் அவளும் ஒருத்தி. ஃப்ரெடி அந்த ஏரியிலிருந்து உயிரோடு வரவில்லை. இப்போது டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வந்தவள், அவன் அறையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு ராயபுரம் வரை வந்திருந்தாள்.

தெருவில் மற்ற வீடுகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியிருந்தார்கள். இந்த வீட்டு வாசலில் வெறும் கொக்கி இருந்தது. சிலுவைமுத்து அந்தக் கொக்கிக்குக் கீழே ஸ்டூல் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெண் வந்தபோது "வணக்கம் அங்கிள்" என்றதற்குக் கால்களை மட்டும் ஒதுக்கி வழி விட்டார். காசிமேட்டில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறவர். கடலில் மூழ்கிய ஆட்களை இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர் என்று பெயர். அவர் மகன் ஒரு ஏரியில் போய்விட்டான் என்பதை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. "கூடப் போன பசங்கதான் இன்னாவோ பண்ணிட்டானுங்க. எம்புள்ள தண்ணில சாவற புள்ளையா?" என்றுதான் துறைமுகத்திலும் கோயிலிலும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறும். ஃப்ளோரன்ஸ் அப்போதெல்லாம் உள்ளே போய்விடுவாள்.

அவளுக்குத்தான் தெரியுமே, யார் என்ன பண்ணினார்கள் என்று.

"அன்னிக்குக் காலைல இருந்து சொல்லும்மா" என்றாள். "ஒண்ணு வுடாம சொல்லு."

ஃபிர்தௌஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். விடியும்போதே ரயில் ஏறியது. ஃப்ரெடி லெமன் சாதம் கட்டிக்கொண்டு வந்தது. அதில் உப்பு போட மறந்துவிட்டு, "ஆரோக்கியத்துக்குத்தான்" என்று சாதித்தது. மலை மேலே ஒரு அரண்மனை. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தபோது அவன் மட்டும் பார்க்காதது.

"பலகைல அது கட்டின வருஷம் போட்டிருந்துச்சு ஆன்ட்டி. அதப் படிச்சிட்டு, 'இன்னாடா இது, எங்க ராயபுரம் ஸ்டேஷன் இத வுடப் பழசுடா'ன்னான். ஃபோன்ல ஸ்டேஷன் ஃபோட்டோவ எடுத்து எல்லாருக்கும் காட்டறான். யாரோ சைனாக்காரங்க, குடும்பத்தோட வந்தவங்க, அவங்களுக்கும் காட்டினான். அவங்க நல்லாருக்குன்னு தலையாட்டினாங்க."

ஃப்ளோரன்ஸ் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"நம்ம கோயிலும் அத வுடப் பழசுன்னு சொல்லிருப்பானே."

"சொன்னான். கூட வந்த லட்சுமணன் கடுப்பாயி, 'ராயபுரத்துலயே இருந்திருக்கலாமேடா, இங்க எதுக்கு வந்த'ன்னு கேட்டான்."

"அதுக்கு இன்னா சொன்னான்?"

"'எங்கம்மாவுக்கு வீடியோ கால் பண்ணத்தான் வந்தேன்'னான்."

வாசலில் ஸ்டூல் முனகியது. சிலுவைமுத்து திரும்பாமல்தான் இருந்தார். அந்த வீடியோ காலைப் பற்றி அவருக்குத் தெரியாது என்றுதான் ஃப்ளோரன்ஸ் நினைத்திருந்தாள். அன்று அவர் காசிமேட்டில் வலை தைத்துக்கொண்டிருந்தார்.

அக்னி நட்சத்திர வெயில். லாரி வராத நாள். ஃப்ளோரன்ஸ் காலிக் குடங்களை வாசலில் அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. திரை முழுக்கத் தண்ணீர். பச்சையும் நீலமுமாக, அடியில் கிடக்கும் கல் தெரிகிற தண்ணீர். அதற்குப் பின்னால் பனி மலை. பிறகுதான் மகன் முகம்.

"ம்மா, பாத்தியா? அத்தனையும் நல்லதண்ணிம்மா!"

"போடா, கத வுடாத. அவ்ளோமா?"

அவன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினான். "சக்கர மாரி கீது. உப்பே இல்ல. எத்தினி லாரி வந்தாலும் இத மொண்டு முடிக்க முடியாது."

"ஒரு கொடத்த எடுத்துகினு போயிருக்கலாம்ல?"

"வரிசைல நிக்க ஆளே இல்லம்மா இங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது அவன் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "வேணாம் ஃப்ரெடி, கைய வச்சாலே வெறைக்குது. இறங்காத." அந்தக் குரல்தான் இன்று எதிரே உட்கார்ந்து உப்பில்லாத லெமன் சாதத்தைப் பற்றிப் பேசுகிறது.

அந்தக் குரலுக்கு அன்று ஃப்ளோரன்ஸ் சொன்ன பதில் அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "யார்றா அது பயந்தாங்கொள்ளி? எம்புள்ள கடல்லயே கெடந்தவன். டேய், ஆசையா கீதுடா பாக்க. எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போட்டுட்டு வா."

"சரிம்மா" என்றான். ஃபோனை யாரிடமோ கொடுத்தான். இணைப்பு போய்விட்டது.

பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று ஒட்டியிருந்தார்கள். குளிப்பாட்டாமல் புதைத்தார்கள். அதற்கப்புறம் தினமும் அவள் மனதுக்குள் அதே வாக்கியத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். காலை மட்டும் நனைடா. பாத்து நில்லுடா. அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுடா. எத்தனை சொல் இருந்தது சொல்ல. தான் சொல்லாவிட்டாலும் அவன் இறங்கியிருப்பான் என்று சில சமயம் தோன்றும். உடனே, அப்படி நினைத்துத் தப்பிக்கப் பார்க்கிறாயா என்று உள்ளே ஒன்று கேட்கும். அது உண்மையா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்தப் பெண். கேட்கத்தான் வேண்டும்.

கேட்டது சிலுவைமுத்துதான். ஸ்டூலோடு திரும்பினார்.

"எல்லாம் சரிம்மா. அவன யாரு எறங்கச் சொன்னது?"

ஃபிர்தௌஸ் ஃப்ளோரன்ஸைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் ஃப்ளோரன்ஸுக்குக் கேட்காத கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. அன்று ஃபோனில் தான் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நான்தான் அங்கிள்" என்றாள் ஃபிர்தௌஸ். "நான்தான் சும்மா உசுப்பேத்தி விட்டேன். கடல்ல நீந்துவேன்னு சொல்றியே, இதுல காட்டுன்னு. தப்பு என்னோடதுதான்."

மடியிலிருந்த டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு வழிந்து துப்பட்டாவில் விழுந்தது.

ஃப்ளோரன்ஸ் எழுந்தாள். இந்தப் பெண் இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு எத்தனை தூரம் வந்திருக்கிறது. சிலுவைமுத்து இப்போது எழுந்து வந்து அறைவார் என்று நினைத்தாள். குறுக்கே போய் நின்றுகொண்டு, "இந்தாய்யா..." என்று தொடங்கினாள்.

"நீ உக்காரு ஃப்ளோரா."

அவர் குரல் ஏறவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இன்னாத்துக்கும்மா உன் தலைல போட்டுக்கற?" என்றார் பெண்ணிடம். "எனக்குத் தெரியும்."

"இல்ல அங்கிள், நெஜமாத்தான்..."

"வுடும்மா." தரையில் இருந்த சொம்பைக் காட்டினார். "அதுல இன்னா தண்ணி தெரியுமா? பம்புத்தண்ணி. வாய்ல வைக்க முடியாது, பேதியாவும். எங்களுக்கெல்லாம் லாரித்தண்ணி குடுத்துட்டு இவ அத்தக் குடிச்சிகினு கீறா. மே மாசத்துலருந்து. கேட்டா பழகிடுச்சின்றா." மனைவியைப் பார்த்தார். "நான் பாக்கலன்னு நெனச்சியா? ஜூடிகிட்ட கேட்டேன். அன்னிக்கு ஏதோ ஃபோன் வந்துச்சு, அம்மா அத்தப் பத்திப் பேசவே மாட்டேங்குதுப்பான்னா. மிச்சம் எனக்கே வெளங்கிச்சி."

"அப்பொறம் எதுக்குய்யா ஊர் முழுக்க அந்தப் பசங்களையே திட்டிகினு இருந்த?"

"வேற யாரத் திட்டச் சொல்ற?"

கூடப் போன பசங்கதான் என்று அவர் கத்தியதெல்லாம், யாரும் இந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று கத்தியதுதான். அதைக் கேட்க முடியாமல்தான் அவள் ஒவ்வொரு முறையும் உள்ளே போயிருக்கிறாள்.

சிலுவைமுத்து கையைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு ஃபோன் போட்டிருந்தாலும் குதிடான்னுதான் சொல்லிருப்பேன். உப்புத்தண்ணி ஆளத் தூக்கி வுடும். நல்லதண்ணி தூக்காதாம். அதுவும் பனித்தண்ணி, எறங்கின ஒடனே மூச்சப் புடிச்சிக்குமாம். அப்பொறமாதான் ஒருத்தர் சொல்றாரு. எனக்கு எங்கருந்து தெரியும்? நான் எங்க நல்லதண்ணில நீஞ்சிகீறேன்? பஸ்ல போவசொல்ல புழல் ஏரியத் தூரமாப் பாத்ததோட சரி. வூட்ல பம்புத்தண்ணிய குண்டால மொண்டு ஊத்திக் குளிச்சதுதான்."

ஃபிர்தௌஸ் அழத் தொடங்கினாள். "அவன் குளிருதுன்னு கூடச் சொல்லல ஆன்ட்டி. முதல் முழுக்குப் போட்டு எழுந்து கத்தினான், 'இது எனக்கு'ன்னு. 'அடுத்தது எங்கம்மாவுக்கு'ன்னு திரும்ப மூழ்கினான். நாங்க கை தட்டிட்டு நின்னோம். எதுக்கு எழுந்திருக்கல, வெளையாடறான்னு..."

யாரும் அவளை மேலே சொல்லச் சொல்லவில்லை.

தனக்கான முழுக்கு எது என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்ளத்தானே ஆசைப்பட்டாள். ஆறுதல் வருமென்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்திருக்கிறாள் போல. கணவர் மன்னித்துவிட்டார், அந்தப் பெண் மன்னித்துவிட்டாள். அந்த இரண்டாவது முழுக்கு மட்டும் யார் மன்னிப்பும் எட்டாத ஆழத்தில் கிடந்தது.

சிலுவைமுத்து எழுந்து வந்து, ஃபிர்தௌஸ் மடியிலிருந்த டம்ளரை எடுத்து ஃப்ளோரன்ஸிடம் நீட்டினார்.

"குடி."

வாங்கினாள். உதடு வரை கொண்டுபோனாள். தண்ணீருக்கு வாசனை கிடையாது என்பார்கள். அவளுக்கு அடித்தது. வாயில் கொஞ்சம் எடுத்தாள். இனித்தது. சக்கர மாரி கீது என்றானே. விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல், கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து வழிந்தது உதட்டோரம் வந்து உள்ளே கலந்த பிறகுதான், கொஞ்சம் உப்புக் கரித்த பிறகுதான், தொண்டை வழிவிட்டது.

மிச்சம் டம்ளர் நிறைய அப்படியே இருந்தது. அவர் வற்புறுத்தவில்லை. வாங்கி, அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து மூடி, ஃப்ரெடியின் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.