வரவேற்பு வார்ப்புரு

அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வுபெற்ற அந்த மனிதருக்கு, இணையக் கலைக்களஞ்சியத்தில் உடன் எழுதுபவர்கள் வைத்த பெயர் ஒற்று மாமா. யாராவது ஒரு பறவைப் பக்கத்துக்கு ‘நீர்காகம்’ என்று தலைப்பு வைத்துவிட்டால் போதும், மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ‘நீர்க்காகம்’ என்ற தலைப்புக்குப் பக்கத்தை நகர்த்திவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர் பல்லில் படும்.

எதிர்த்து நின்றது ‘நத்தை’ என்ற புனைபெயர்க்காரர் ஒருவர்தான். “தேடுறவங்க யாரு மாமா ஒற்று போட்டுத் தேடுறாங்க?” என்று எழுதினார். மாமா நகர்த்த, நத்தை திருப்ப, மல்லுக்கட்டி ஓய்ந்து, கடைசியில் தப்பான தலைப்பையும் வழிமாற்றாக விட்டுவைப்பது என்று ராசியானார்கள். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வந்து சேரலாம். அதற்குப் பிறகு நத்தை தினமும் வம்புக்கு இழுக்கும். ஆணா பெண்ணா என்றுகூட மாமாவுக்குத் தெரியாது. மனைவி போனபின் அவரை “சாப்டீங்களா?” என்று கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

அந்த நத்தையைக் காணோம். மழைக்காலம் முழுக்க ஒரு திருத்தம்கூட இல்லை. மாமா மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு தலைப்பில் வேண்டுமென்றே ஒற்று போடாமல் விட்டுப் பார்த்தார். ஒருவரும் சீண்டவில்லை.

ஒரு காலையில் வெட்கத்தை விட்டு நத்தைக்கு மற்றவர்கள் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தைத் திறந்தார். மேலே ‘வாருங்கள்!’ என்ற வரவேற்புப் பெட்டி. அதன் ஓரத்தில் இருந்த ‘தொகு’வை அழுத்தி எழுதினார்: “எங்கே போயிட்டீங்க? கோபமா? நீங்க இல்லாம பொழுதே போகல. சண்டை போடவாவது வாங்க.”

அந்தப் பெட்டி ஒரு வார்ப்புரு. ஒரே இடத்தில் இருக்கும் அச்சு. சேர்ந்தவர்கள் எல்லோருடைய பக்கத்திலும் அதுவே தெரியும். அச்சில் ஒரு வரி சேர்த்தால் அத்தனை பக்கத்திலும் அந்த வரி வந்துவிடும். ஊரார் தலைப்பையெல்லாம் திருத்துகிறவர், தான் எழுதுவது எந்தப் பக்கத்தில் என்று தலைப்பைப் பார்க்கவில்லை.

கலைக்களஞ்சிய நிர்வாகியின் கண்ணில் அது பட ஒரு வாரம் ஆயிற்று. போன் செய்தாள்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க மாமா! எல்லார் பக்கத்துலயும் வந்துருச்சு.”

மாமாவுக்குக் காது சுட்டது. “உடனே எடுத்துரும்மா. மானம் போகுது.”

“எடுத்துடறேன். ஆனா எப்பவோ விட்டுட்டுப் போனவங்கல்லாம் பதில் போட்டிருக்காங்க. தன்னைத்தான் யாரோ தேடுறாங்கன்னு நெனச்சுட்டாங்க. ஒருத்தர், கொழந்தை பொறந்துச்சு, அதான் வரல, மன்னிச்சுக்குங்கங்கறார். ஒரு அம்மா, என்னைத் தேடக்கூட ஆள் இருக்கான்னு எழுதியிருக்காங்க.”

“நத்தை?”

அவள் குரல் இறங்கியது. “இல்ல மாமா. நானும் தேடிப் பாத்துட்டேன்.”

போனை வைத்தார். வெகுநாளாக எட்டிப் பார்க்காத தன் சொந்தப் பேச்சுப் பக்கத்தைத் திறந்தார். அங்கே போனால் யாரும் ஒன்றும் எழுதாதது தெரிந்துவிடும் என்றே போகாமல் இருந்தவர். பெட்டிக்குள் கேள்வி நின்றுகொண்டிருந்தது. எங்கே போயிட்டீங்க? கோபமா?

தான் எழுதியதுதான் என்று தெரியும். தெரிந்தும், அவள் அழிப்பதற்குள் பதில் போட்டாக வேண்டும் என்று அவசரம் வந்தது. இம்முறை தலைப்பைச் சரிபார்த்துக்கொண்டு, பெட்டிக்குக் கீழே தட்டினார்:

“இங்கேதான் இருக்கேன்.”